ஐம்பத்து நான்கு இலக்கமும் ஒரு கேள்வியும்

போன வாரம் புது மடிக்கணினி ஒன்று வாங்கினேன். பெட்டியைப் பிரித்து, அந்த வெள்ளை ரெஜிபோம் நுரைக்கட்டியின் வாசம் மூக்கில் ஏற, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் அது தன்பாட்டில் இன்டர்நெற்றோடு பேசி, கணினியை இயக்கும் ஓஎஸ் அக்டிவேற் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஏனோ கோபம் வந்தது. சிரிக்காதீர்கள். இதே வேலைக்காக ஒரு முழுக் காலையைத் தொலைத்தவன் நான்.

அது பல வருசத்துக்கு முதல், ஏறாவூரில், நான் வேலைசெய்த, மண்ணெண்ணெய் வாசமடிக்கும் ஓர் அச்சகத்தில். அச்சு உருளைகளைக் கழுவுவது அதில்தான். நான் கொண்டுபோகும் சோற்றுப் பார்சலிலும் அதே வாசம்தான். முதலாளி ஹாஜியார், ஹஜ்ஜுக்குப் போய் வந்த கையோடு கடையில் கிடந்த களவு சீடிகளைச் சாக்கில் கட்டி எரித்துவிட்டு, கொழும்பிலிருந்து காசு கொடுத்து ஓஎஸ் வாங்கினார். எனக்குத் தெரிய ஊரில் எவரும் செய்யாத காரியம். களவுக் கொப்பி போட்ட கடைகளெல்லாம் நிம்மதியாக ஓடின. அனுமதி வாங்கிய எங்களுக்குத்தான் கரைச்சல்.

ஒருநாள் இடி விழுந்து மதர்போட் எரிந்தது. புதியதைப் பூட்டினேன். இது வேறு கணினி என்று முடிவுகட்டி ஓஎஸ் திறக்க மறுத்துவிட்டது. கம்பனிக்குப் போன் எடுத்து, திரையில் வரும் ஐம்பத்து நான்கு இலக்கங்களையும் அமத்த வேண்டும். பிறகு இயந்திரத்தில் பதிந்த ஓர் இங்கிலீஷ் பெண்குரல் கேட்கும்: இந்தக் கொப்பியை எத்தனை கணினியில் போட்டிருக்கிறீர்கள்? ஒன்று என்று அமத்தினால் பதில் இலக்கத்தை வாசிக்கும்; அதைக் கணினியில் தட்டினால் வேலை முடிந்தது.

ஆனால் எங்கள் கணினிக்குள் இன்னொரு கணினி இருந்தது. வாடிக்கையாளர் கொண்டுவரும் வைரஸ் பிடித்த பென்டிரைவ்களைத் திறந்து பார்ப்பதற்காக, மென்பொருளால் உண்டாக்கிய கற்பனைக் கணினி. அதற்கும் அதே ஓஎஸ், அதே அனுமதிச் சாவி. போட்டவன் நான்தான்; பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு. மூன்றாவதும் ஒன்று இருந்தது, அது ஹாஜியாருக்குத் தெரியாது. வன்தட்டின் மறு பாதியில் எனக்கென்று ஒன்று போட்டிருந்தேன். தொடங்கும்போது எந்தப் பாதி என்று கேட்கும் பட்டியல் இரண்டு செக்கனில் மறையும்படி வைத்து, அவர் வருமுன் போய் அதைத் திறந்து, கட்டாரில் ஓர் அச்சக வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். அது தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும்.

அன்று காலை, சித்தாண்டியிலிருந்து ஒரு பெண்ணின் தகப்பன் கலியாணக் காட் எடுக்க வந்து குந்தியிருந்தார்; அடிக்க வேண்டிய காட் திறக்காத கணினிக்குள் கிடந்தது. மத்தியானப் பூசைக்கு முதல் காட்டை முருகன் கோயிலில் வைக்க வேண்டும், பிந்தினால் மனுசி வீட்டுக்குள் எடுக்கமாட்டா என்று மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐம்பத்து நான்கையும் அமத்தினார். கேள்வி வந்தது. இரண்டு என்று அமத்தினார். அந்தக் குரல் மன்னிப்புக் கேட்க, லைன் கட்டாகியது. உள்ளே இருப்பது கணினியே இல்லை, கையால் தொட முடியுமா என்று நான் விளங்கப்படுத்தினேன்.

“தொட ஏலாட்டி இல்லையெண்டு சொல்லுவியா தம்பி?” என்றார். மார்க்கம் தெரிந்த மனிதரிடம் நான் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது.

சித்தாண்டிக்காரர் பொறுக்கமாட்டாமல் எழும்பி வந்தார். “வயல் வட்டை ஒண்டுதானே ஹாஜியார். உள்ளுக்க எத்தின வரம்பு எண்டு ஆரு பாக்கப்போறா?”

காணி உறுதிப் பத்திரத்தில் எத்தனை ஏக்கர் என்பதுதான் கேள்வி என்றார் ஹாஜியார். பிறகு இருவரும் வயல், வாய்க்கால், எல்லைக்கல் என்று கால்மணி நேரம் வழக்காடினார்கள். கணினியை மறந்தே போனார்கள். கடைசியில் உள்ளே இருப்பதை அழிப்பது என்று தீர்ப்பானது. ஓஎஸ் இல்லாமலே கணினியைத் தொடக்கும் ஒரு சீடியைப் போட்டு அழித்தேன். மறுபடி ஐம்பத்து நான்கு. நடுவில் பக்கத்துக் கடைக்காரர் சலாம் சொல்ல, பதில் சலாம் சொன்னதில் இலக்கம் தவறி, திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். கேள்வி வந்தது. விரலை ஒன்றுக்கு மேலே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இப்ப ஒண்டுதானே தம்பி?”

ஓம் என்று சொன்னால் அவருக்கும் தெரியாது, அந்தக் குரலுக்கும் தெரியாது. ஆனால் அந்த மனிதரின் விரலைக்கொண்டு என் பொய்யை அமத்தவைப்பதா? வெட்கமாக இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

“இல்ல ஹாஜியார். இன்னும் ஒண்டு இரிக்கி.”

போனை வைத்தார். சீடி வழியாகவே விண்ணப்பத்தைத் திறந்து காட்டினேன். வரிவரியாகப் படித்தார். சித்தாண்டிக்காரர்கூட மணிக்கூட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“களவுக் கொப்பியில அடிச்சி அனுப்பினா அந்த வேலையில அல்லாட பறக்கத்து இரிக்குமா?” என்றார் ஹாஜியார். “இத அழி. மறுகா நம்முட இதுல புதுசா அடி.”

அழித்தேன். நாலாம் தடவையும் ஐம்பத்து நான்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்று என்று அமத்தினார்; குரல் வாசித்த இலக்கத்தைத் தட்டினேன், கணினி திறந்தது. மை காயாத காட் ஒன்றை இரண்டு விரலில் பிடித்தபடி சித்தாண்டிக்காரர் பஸ்ஸுக்கு ஓடினார். பின்னேரம் என் விண்ணப்பத்தை அடித்தோம். கலியாணக் காட்டுக்கு வெட்டி மிஞ்சிய சந்தன வாசக் கடதாசியில்தான் அடிக்க வேண்டும் என்று ஹாஜியார் ஒரே பிடிவாதம். கட்டார்க்காரன் என்ன நினைத்தானோ, வேலை கிடைத்தது.

இப்போது அந்த அச்சகத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். கலியாணச் சேதியெல்லாம் வட்சப்பில் வந்துவிடுகிறது. ஹாஜியார் மௌத்தானபோது நான் கட்டாரில் இருந்தேன். ஜனாஸா நல்லடக்கத்துக்கு வரக் கிடைக்கவில்லை. விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனேன். நான் ஏன் விட்டுவிட்டுப் போனேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார் என்றார் மகன்.

“அவன் உட்டுட்டுப் போகல்ல. நான்தான் அனுப்பி வெச்ச.”

ஒரு மெசினுக்குக்கூடப் பொய் சொல்லாத மனிதர் சொன்னது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.