அவள் தொடாமல் விட்ட கிடார்

பாடகன் செத்த பிறகு பேண்டு மறுபடி வாசிக்கலாமா கூடாதா என்று மூன்று கிழவர்கள் ஆரம்பாக்கத்து டீக்கடையில் அரைநாள் சண்டை போட்டோம் என்றால், கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்கள் பேண்டு உலகம் சுற்றிய பேண்டு இல்லை. பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் மாதா கோயில் திருவிழா, அம்மன் கோயில் ஆடித் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று பத்துப் பன்னிரண்டு வருடம் வாசித்தோம். ஆனால் மற்ற கோஷ்டிகள் எல்லாம் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் வெளிநாட்டு ராக் வாசித்தோம். மாற்றலாகிப் போன ஒரு ஃபாதர் இரண்டு கிடாரையும் ஒரு பெட்டி கேசட்டையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை வைத்துத்தான் தொடங்கினோம். இங்கிலீஷ் எங்களில் ஒருவருக்கும் வராது. பாடகன் கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவைத்துப் பாடுவான். என்ன பாடுகிறான் என்று அவனுக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் ஊரே கூடப் பாடும்.

சுருதி கூட்டுவதற்கும் எங்களிடம் ஒன்றும் கிடையாது. மாதா கோயிலில் மணி அடிக்கும்போது கிடார்களை அதற்கு ஒத்து முறுக்கிக்கொள்வோம். அந்த மணி உலகத்தில் உள்ள எந்தச் சுருதியிலும் சேராத மணி. சென்னையிலிருந்து வந்த டிரம்பெட்காரர் ஒருவர் எங்களோடு இரண்டு பாட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, உங்கள் நாலு பேருக்கும் காது கோளாறு என்று சொல்லி மேடையை விட்டு இறங்கிப் போனார். எங்களுக்குள் ஒத்துப்போனது. அது போதும் என்று இருந்தோம்.

நாலு பேரில் டிரம்ஸ் வாசித்தவன் ஏரியில் வலை போடுகிறவன். கீபோர்டுகாரன் இப்போது ஆரம்பாக்கத்தில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பாட்டோடு ஒரு கிடாரும் வாசித்த பாடகன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். நான் காட்டூரில் நெல் விளைவிக்கிற குடும்பம். தாழ்ந்த சுருதியில் பாட்டைத் தாங்குகிற பேஸ் கிடார் வாசித்தேன். பிறகு பஸ் கண்டக்டர் வேலை கிடைத்தது. திருவிழா நாளிலெல்லாம் ஸ்பெஷல் பஸ் விடுவார்கள், லீவு கிடைக்காது. மேடை ஒரு பக்கம், நான் விசிலோடு இன்னொரு பக்கம். அப்படியே பேண்டு நின்றுபோனது. என்னால்தான் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

போன வருடம் மழைக்கு முன்னால் பாடகன் இறந்தான். மார்வலி என்றானாம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அவன் போய் ஏழெட்டு மாதத்தில் திருவிழாக் கமிட்டியிலிருந்து கீபோர்டுகாரனுக்குப் போன் வந்தது. மாதா கோயிலுக்குப் புது மேடை கட்டியிருக்கிறார்கள், பழைய பேண்டு ஒரு நாள் வாசித்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். அதற்காகத்தான் அந்த டீக்கடைச் சண்டை.

"வெளிநாட்டுல இதெல்லாம் சகஜம்பா" என்று கீபோர்டுகாரன் போனில் வீடியோ ஒன்றைக் காட்டினான். "பாடறவன் செத்துப்பூட்டான். இன்னோர்த்தன வச்சி வாசிக்கிறான் பாரு. ஸ்டேடியமே ரொம்பி வழியுது. பொன்னேரியில ஒரு ஆளு கீறாரு, ஷோக்கா பாடுவாரு."

டிரம்ஸ்காரன் டீயைக் கீழே வைத்தான். "அவன் பாட்ட இன்னோர்த்தன் பாடறதா? நான் வரல."

நான் பேசத் தொடங்கினேன். கண்டக்டராக இருந்தவன் வாயை மூட வைப்பது கஷ்டம். பேண்டு என்பது நாலு பேர் உண்டாக்கியது, ஒருவன் போய்விட்டால் மற்ற மூவரும் சேர்ந்து சாகவேண்டுமா என்றேன். நாம் வாசித்தால்தான் ஊருக்கு அவன் ஞாபகம் இருக்கும் என்றேன். அவன் ஆத்மா சந்தோஷப்படும் என்றுகூடச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அப்படி வாதாடியதற்கு உள்ளே ஒரு காரணம் இருந்தது. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

நான் ரிட்டையர் ஆன வருடம், அவன் இறப்பதற்கு ஐந்து வருடம் முன்னால், பாடகன் என் வீட்டுக்கு வந்தான். மறுபடி ஆரம்பிக்கலாம் என்று கேட்கத்தான் வந்தான். மற்ற இரண்டு பேரும் சரி சொல்லிவிட்டார்கள், நீ ஒருத்தன்தான் பாக்கி, இனி உனக்கு டியூட்டியும் இல்லை என்றான். அன்றைக்கு என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் இவன் கையை ஆட்டி, பழைய பாட்டு ஒன்றை இரண்டு வரி பாடியும் காட்டினான். எனக்கு மானம் போனது போல இருந்தது. "தலையில முடியில்ல, வாயில பல்லு ஆடுது, இன்னாடா ராக்கு கீக்குனு? போய் வேனை ஓட்டற வேலையப் பாரு" என்றேன். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். காப்பி குடித்தான். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ வரலன்னா பரவால்ல. உன் பேஸையாவது குடு, எவனையாவது கத்துக்க வைக்கிறேன்" என்றான்.

"அது காயலாங்கடைக்குப் போயி ரொம்ப நாளாச்சு" என்று சொன்னேன்.

பழைய இரும்புக்கு எதுவும் போகவில்லை, கிடார் பரண்மேல்தான் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாசிக்கவும் மனசில்லை, இன்னொருவன் கையில் பார்க்கவும் மனசில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. வழியில் பார்த்தால் வேனை நிறுத்திப் பேசுவான். என் மகள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினான். விரட்டிவிட்டோமே என்கிற உறுத்தல் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. மறுபடி வாசித்துவிட்டால் அது தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். செத்தவனுக்குச் செய்யவேண்டியதை மேடையில் செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

டிரம்ஸ்காரன் கடைசியில் இறங்கி வந்தான். ஆனால் இரண்டு கண்டிஷன் போட்டான். பாடகன் இடத்தில் யாரும் பாடக்கூடாது, பாட்டை கீபோர்டில் வாசித்தால் போதும். இரண்டாவது, அவன் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்கவேண்டும்.

அது ஏரிக்காரர்கள் வழக்கம். கூடப் படகேறியவன் செத்துப்போனால், மற்றவர்கள் மறுபடி சேர்ந்து தொழிலுக்கு இறங்கும் முன் அவன் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். படகு தள்ளுகிறவன் கழியோடு, வலை போடுகிறவன் வலையோடு. அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து ஒவ்வொருவர் கையில் இருப்பதையும் தொட்டு, போயிட்டு வா என்பாள். அவள் தொடாத சாமானோடு எவனும் படகேறக்கூடாது. காரணம் கேட்கவும் கூடாது. நாங்கள் நெல்லுக்காரர்கள், எங்களுக்கு இதெல்லாம் கிடையாது. போய் நின்றால் தொட்டுவிடுவார்கள், வந்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன்.

"கையில இன்னா எடுத்துனு போவணும்?" என்று கீபோர்டுகாரன் கேட்டான். "எங்கூட்லேர்ந்து கீபோர்ட பைக்குல வச்சினு வரணுமா?"

"வலைக்காரன் வலையத்தான எடுத்துனு போறான்? எடுத்துனு வா" என்றான் டிரம்ஸ்காரன்.

பரணிலிருந்து கிடாரை இறக்கினேன். எலி கடித்த உறையைத் தூக்கிப் போட்டேன். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். பொன்னேரிக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி மாட்டினேன். நாலு நாள் விரல் நுனி வீங்கும்வரை வாசித்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தேன், அதையும் மறைக்காமல் எழுதவேண்டும். பரண்மேல் இருப்பது காயலாங்கடைக்குப் போன கிடார் என்பது ஒரு நிமிஷமும் என் நினைவுக்கு வரவில்லை. சொன்ன பொய் சொன்னவனுக்குத்தான் முதலில் மறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாடகனின் மனைவி வீடு திரும்பிய பிறகு போனோம். ஓடு போட்ட சின்ன வீடு. வாசலில் மீன் காயவைக்கிற சாக்கு விரித்திருந்தது. டிரம்ஸ்காரன் கையில் இரண்டு குச்சி, கீபோர்டுகாரன் தோளில் பிணம் தூக்குகிற மாதிரி கீபோர்டு, என் கழுத்தில் பளபளவென்று கிடார். விஷயத்தை டிரம்ஸ்காரன் சொன்னான். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

முதலில் டிரம்ஸ்காரன் குச்சிகளைத் தொட்டாள். "போய்ட்டு வாண்ணா." அவன் அழுதுவிட்டான்.

கீபோர்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "நீயும் போய்ட்டு வாண்ணா."

பிறகு என் எதிரில் வந்து நின்றாள். கிடாரைப் பார்த்தாள். தலைப்பக்கத்திலிருந்து கீழ்வரை, கடையில் புடவை பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள்.

"இது அந்தக் கிடார்தானண்ணா?"

"ஆமாம்மா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"காயலாங்கடைக்குப் போட்டுட்டேனு சொன்னியாம். எங்கூட்டுக்காரரு நம்பிட்டாரு. பொன்னேரியில, கும்மிடிப்பூண்டியில, எந்தக் காயலாங்கடைய பார்த்தாலும் வேன நிறுத்திட்டு உள்ள போய்ப் பாத்துட்டு வருவாரு. எங்கனா கெடைக்கும், பாவம் அவன் நல்லா வாசிப்பான்னுவாரு."

அவள் கையை நீட்டுவாள் என்று இன்னும் ஒரு நொடி காத்திருந்தேன். நீட்டவில்லை. திட்டவும் இல்லை. "டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்க" என்று மூன்று பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வருகிற வழியில் கீபோர்டுகாரன், இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள், வந்து வாசி என்றான். நான் டிரம்ஸ்காரனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டே நடந்தான். எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல்கூட வந்தது. வீட்டுக்குப் போய்க் கிடாரைப் பரணில் ஏற்றும்போதுதான் அழுகை வந்தது. ஒவ்வொரு காயலாங்கடையிலும் அவன் துருப்பிடித்த ஃபேன்களைத் தள்ளிவிட்டுத் தேடுவது கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது.

திருவிழாவுக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். சாயங்காலம் ஆனதும் கால் கேட்கவில்லை. நான் கண்டக்டராக இருந்த அதே பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போனேன். முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள், தெரிந்த முகங்கள். யார் கண்ணிலும் படாமல் இருக்க, மைதானத்தின் கடைசியில் மீனுக்கான ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கிற சுவர் ஓரமாகப் போய் நின்றேன்.

மேடையில் இரண்டு பேர்தான். வாசிக்கும் முன்னால் டிரம்ஸ்காரன் கையைக் காட்டினான், கோயில் மணியை ஒருமுறை அடித்தார்கள். கீபோர்டுகாரன் குனிந்து சுருதித் திருகை அந்த மணிக்கு ஒத்துத் திருப்பினான். முதல் பாட்டுத் தொடங்கியதும், எங்கள் வயசு ஆட்கள் எல்லாம் பாட ஆரம்பித்தார்கள். பாடகன் நோட்டில் எழுதிவைத்திருந்த அதே தப்பு வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. அவன் இல்லாமல் அவன் பாடினான் என்றுதான் சொல்லவேண்டும். நான் வாசிக்கவேண்டிய இடங்களில் டிரம்ஸ்காரன் எதையும் போட்டு நிரப்பவில்லை. அடியைக் குறைத்து அந்த இடத்தைக் காலியாகவே விட்டான். அது தெரிந்தது எனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். விரல்கள் சும்மா தொடையில் அடித்துக்கொண்டிருந்தன.

மூன்றாவது பாட்டில் யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. அவள். முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், எழுந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் மேடையைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவரும் இங்கதாண்ணா நிப்பாரு. உங்கூட்டுக்கு வந்துட்டு திரும்பின வருசத்துலேர்ந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும். எவனாவது வெளியூரு கோஷ்டி வாசிப்பான். முன்னாடி வந்து ஒக்காருயானு கூப்புடுவேன். வரமாட்டாரு. இங்க நின்னாத்தான் பேஸு நல்லா கேக்குதுனுவாரு."

பாட்டு முடிவதற்குள் அவள் முன்வரிசைக்குத் திரும்பிப் போய்விட்டாள். அடுத்த பாட்டுக்கு டிரம்ஸ்காரன் குச்சிகளைத் தட்டினான். ஐஸ் பெட்டிகளைத் தாண்டி யாராவது கூப்பிட்டிருந்தாலும் நான் நகர்ந்திருக்கமாட்டேன். கடைசிப் பாட்டு முடியும்வரை அங்கேயே நின்று, பேஸ் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.