வெள்ளிக்கிழமை வார்த்தலு

நகரியில் எங்கள் வீட்டு ஆன்டெனா எப்போதும் மெட்ராஸ் பக்கம் திரும்பியே நிற்கும். ஆந்திராவில் குடியிருந்தாலும் பாட்டு தமிழில் கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். தெருவிலேயே டிவி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். நைனா யாரிடமோ பழசாக வாங்கி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டு போடும் நேரத்தில் தெருவே எங்கள் கூடத்தில் இருக்கும். டிவி வைத்திருப்பவன் கதவைச் சாத்தக் கூடாது, அது தெருவின் சட்டம். இருந்த ஒரு நாற்காலியும் நைனா வேலை பார்த்த பவர்லூம் ஷெட்டின் மேஸ்திரிக்கு.

அக்கா ஒன்பதாவது படித்த வருடம் பள்ளியில் புதிதாக ஒரு பாடம் வைத்தார்கள். பேப்பரிலும் ரேடியோவிலும் டிவியிலும் செய்தி எப்படி வருகிறது, எதை முதலில் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று படிக்க வேண்டுமாம். செய்திக்குத் தெலுங்கில் வார்த்தலு. எங்களுக்கு அது வார்த்தலு பாடம்.

"டிவி பாக்கறதுக்கா இஸ்கூலுக்குப் போற? அத இங்கியே பாக்கலாமே" என்று மேஸ்திரி சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. வகுப்பில் அவளை 'அரவம்' என்று கூப்பிட்டார்கள். தமிழுக்குத் தெலுங்குக்காரர்கள் வைத்த பெயர் அது. முந்தின நாள் டிவி செய்தியை ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் நின்று தெலுங்கில் சொல்ல வேண்டும். அவள் முறை சனிக்கிழமை வந்தது.

"நாலு பேரு சிரிச்சாங்கன்னா அதோட நின்னுடு. இன்னொரு ராட்டை சும்மாதான் கெடக்குது" என்று நைனா மேஸ்திரியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். முதல் ராட்டையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டு, தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அதில் உட்கார்ந்தவர்கள் எழுந்து மறுபடி பள்ளிக்குப் போனதில்லை.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. தெலுங்குச் செய்தியும் தமிழ்ப் பாட்டும் ஒரே நேரத்தில். செய்தி வேண்டுமென்றால் ஆன்டெனாவைத் திருப்பதி பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற என்னிடம் அக்கா வந்தாள்.

"நீ மேல போறியாடா?" என்று மட்டும் கேட்டாள்.

மூங்கில் ஏணியில் மாடிக்கு ஏறினேன். முதல் பாட்டு பாதியில் இருந்தபோது ஆன்டெனாக் குழாயைத் திருப்பினேன். கீழே பாட்டு நின்று இரைச்சல் வந்தது. அதைவிடப் பெரிய இரைச்சல் கூடத்திலிருந்து வந்தது.

"மெட்ராஸு எங்கடா போச்சி?"

முதலில் வெளியே ஓடி வந்தது நைனா. தனியாகத்தான் வந்தார். ஏணியின் அடியில் நின்று, "எறங்குடா கழுத! நான் மேல வந்தன்னா தோல உரிச்சிடுவேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பயத்தில் நான் ஏணியின் தலையைப் பிடித்து இழுத்தேன். பூமாலை மாதிரி மேலே வந்துவிட்டது.

மேஸ்திரி வெளியே வந்தபோது ஏணி இல்லை.

"மேல இஸ்துக்கினான் மேஸ்திரி, நான் இன்னா செய்ய?" என்றார் நைனா.

நான் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் தெலுங்கு தெளிவாக எழுந்து வந்தது. திட்டித் தீர்த்த தெரு வேறு வழியில்லாமல் உட்கார்ந்து செய்தி கேட்டது.

மறுநாள் அக்கா தடுமாறாமல் சொல்லி முடித்தாள். "இதில் எந்தச் செய்தியை விட்டுவிட்டார்கள்?" என்று சார் கேட்டாராம். "நேற்று எங்கள் தெருவில் ஒரு பையன் ஏணியை மேலே இழுத்துக்கொண்டு பாட்டை நிறுத்தினான். மேஸ்திரி நாற்காலியை விட்டெழுந்து தெருவில் நின்றார். இது எந்த டிவியிலும் வரவில்லை" என்றாளாம் தெலுங்கில். வகுப்பு சிரித்தது. ஆனால் அது வேறு சிரிப்பு. திங்கள்கிழமையிலிருந்து காலைப் பிரார்த்தனையில் செய்தி வாசிப்பது அக்கா என்றாயிற்று. "நம்ம பேரு வார்த்தலுல வந்துச்சி, தெரியுமா?" என்று மேஸ்திரி ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டாவது ராட்டை கடைசிவரை சும்மாவே கிடந்தது.

அக்கா இன்று திருப்பதியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அதே பாடத்தை நடத்துகிறாள். என் ஏணிக் கதையை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறாளாம். கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

போன மாதம் டிஷ் மாட்ட மாடிக்கு ஏறினேன். அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டியிருந்தது. ஏறி வந்த மூங்கில் ஏணியை மேலே இழுத்தேன். தறி ஓட்டி உரமேறிய கை. ஒரு முழம்கூட வரவில்லை. கீழே நின்ற ஆள், "இரு மாமா" என்று அடியிலிருந்து ஏந்தித் தள்ளினான். பூமாலை மாதிரி வந்தது.

அன்று எனக்குப் பத்து வயது. பயத்தில் பலம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்படிக் கத்திக்கொண்டிருந்த நைனாவின் கைகள் எங்கே இருந்தன என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.