லைன் நின்றால் ஒலிக்கும் பாட்டு

ஒரகடத்தில் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் ஒரு கம்பெனியின் கிரெச்சில் ஒன்பது வருடம் டீச்சராக இருந்தேன். அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் பெண்களின் பிள்ளைகள், எல்லாம் மூன்று நான்கு வயது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால், நான் அசடு வழிந்த கதையைத்தான் முதலில் சொல்வேன்.

1. எந்த ஷிப்ட்டு?

மூன்று மணிக்குப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் டிவியில் கார்ட்டூன் ஓடும். அதற்குப் பதிலாக நல்ல சங்கீதம் போடுகிறேன், வீணை, நாதஸ்வரம், பியானோ, ஓபரா எல்லாம் கேட்கட்டும் என்று ஹெச்.ஆர். மேனேஜரை ஒரு வருடம் நச்சரித்தேன். "சரி மேடம், ஒரு வாரம் பாருங்க. புள்ளைங்க அழுதா மறுபடியும் கார்ட்டூன்தான்" என்றார்.

முதல் நாள் ஓபரா. பாடுகிற அம்மாள் உச்சத்துக்குப் போனதும் ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், அந்தம்மாக்கு வவுறு வலிக்குதா?"

"இல்லடா, கதையப் பாட்டாவே சொல்றாங்க. அவங்க வூட்டுக்காரரு வர்றேன்னு சொல்லிட்டு இன்னும் வரல."

"எந்த ஷிப்ட்டு?" என்றாள் கனிஷ்கா. நான்கு வயது.

சிரித்துவிட்டேன். இரண்டாம் நாள் வீணைக்குப் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அதையும் வெற்றிக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.

2. மூன்றாம் நாள்

பியானோ. ஊருக்கெல்லாம் தெரிந்த, மென்மையான ஒரு மெட்டு. தொடங்கிப் பத்து விநாடி இருக்காது, கனிஷ்கா தோளிலிருந்த பையைக் கழற்றி, கொண்டுபோய் அதன் இடத்தில் மாட்டிவிட்டு அழ ஆரம்பித்தாள். இன்னும் நாலு பேர் பையைக் கழற்றினார்கள். பிறகு எல்லோரும் அழுதார்கள்.

"இன்னாச்சு கண்ணு?"

"லைன் நின்னுட்ச்சு. அம்மா லேட்டாத்தான் வரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லைனில் எங்காவது கோளாறு என்றால் ஆபரேட்டர் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுப்பார், லைன் நிற்கும். சரியாகும் வரை ஸ்பீக்கரில் இந்த மெட்டின் ஆரம்பம் மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். போன நேரத்தை ஓ.டி. பார்த்து ஈடுகட்ட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அது எனக்கும் எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சங்கீதம் தெரிந்தவள் என்று பெயர் எனக்கு, காதில் வாங்கியதெல்லாம் பிள்ளைகள். வெட்கமாக இருந்தது.

மேனேஜர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "நாளைலேர்ந்து கார்ட்டூன் போட்ருங்க மேடம்."

"ஒரு வாரம்னு சொன்னீங்களே சார். இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

3. மீதி

மறுநாள் பிள்ளைகளை என்னைச் சுற்றி உட்கார வைத்தேன். "லைன்ல வர்றது ஆரம்பம் மட்டுந்தான். அப்புறம் பாட்டு எங்க போவுதுன்னு கேக்கலாமா?"

கனிஷ்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆரம்பம் வந்ததும் உதடு பிதுங்கியது. பிறகு மெட்டு மாறி ஓட்டம் பிடித்தது. அவள் நிமிர்ந்தாள்.

"டீச்சர், லைன் ஓடுது!"

ஆரம்பம் திரும்பி வந்தது. "மறுபடியும் நின்னுட்ச்சு!" என்று எல்லோரும் கத்தினார்கள். யாரும் அழவில்லை, மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நிஜமாகவே லைன் நின்றது. சுவர் வழியாக மெட்டு வந்தது. கனிஷ்கா பையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெட்டு ஆரம்பத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க, அவள் மீதியை முணுமுணுத்தாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற மேனேஜர் உள்ளே வராமலே போய்விட்டார். கார்ட்டூன் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

ஓ.டி. முடித்து ஐந்தரைக்கு அவளுடைய அம்மா ரேவதி வந்தாள்.

"இன்னாடி பாடிகினு கீற?"

"லைன் பாட்டும்மா. மீதி."

ரேவதி என்னைப் பார்த்தாள். "இதுக்கு மீதி இருக்குதா டீச்சர்? நாலு வருசமா கேட்டுகினு கீறேன், தெரியாதே."

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். "ஒரு வாட்டி போடுங்க, கேட்டுட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு எந்தப் பாட்டைப் போடுவதற்கு முன்பும், "இத எங்கயாவது கேட்டிருக்கீங்களா?" என்று பிள்ளைகளிடம் முதலில் கேட்டுக்கொள்வேன். அவர்களுடைய அம்மாக்களிடமும் கேட்பேன்.