சூடுகாட்டி நிமிர்த்திய ஃபோர்க் பைப்

பழைய பைக் ஒன்றை வாங்கினேன். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் இடதுபக்கம் இழுத்தது. திருவண்ணாமலையில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப் வளைந்திருந்தது. அதைச் சூடுகாட்டி, அடித்து நிமிர்த்திக் கொடுத்தார்.

"புதுசு எதுக்கு தம்பி? இனிமே அம்பு மாதிரி போவும்" என்றார். நம்பினேன்.

அடுத்த வாரம் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போகும்போது ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்ததும் ஹேண்டில்பார் உதறி, இருவரும் சாலையோர மணிலாக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகள்மேல் போய் விழுந்தோம். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

"இந்த வண்டில இனி ஏறமாட்டேன்டா" என்று அம்மா அழுதார்.

மறுநாள் அந்தக் கடைக்கே போனேன்.

"ஓட்டத் தெரியாம வுழுந்துட்டு என்னைச் சொல்றியா?" என்றார் மெக்கானிக்.

விடாமல் பைப்பைக் கழற்ற வைத்தேன். வீடியோவில் பார்த்தபடி, பக்கத்து பேக்கரியின் கண்ணாடி மேசைமேல் அதை உருட்டினேன். நேரான பைப் சீராக உருளும். இது நொண்டி நொண்டி உருண்டது.

"படிச்ச திமிரு! நீ என்னா இன்ஜினியரா?"

"இல்லண்ணே, பி.ஏ. தமிழ். ஆனா பின்னாடி உக்கார்றது எங்கம்மா."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இரண்டு பக்கமும் புது பைப் போட்ட பிறகே வண்டியை எடுத்தேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அதுவரை பெரியவர்கள் சொன்னால் தலையாட்டித்தான் பழக்கம். இப்போது எந்தக் கடையிலும் வளைந்த பாகத்தை நிமிர்த்த விடுவதில்லை. புதிதாக மாற்றுவதையும் பக்கத்தில் நின்றே பார்க்கிறேன். திமிர் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். அம்மா மறுபடி என் வண்டியில் ஏறிவிட்டார்.