மணிக்குப் பிறகும் ஒலித்த கொட்டாப்புளி

மணி அடித்து ஓய்ந்தது. கப்பலின் பக்கவாட்டுச் சாரத்தில் வரிசையாக நின்றவர்கள் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியல்களை ஒரே சமயத்தில் இறக்கினார்கள். ஒருவன் மட்டும் இறக்கவில்லை.

லெவின் பலகை இடுக்கில் நீர் புகாதபடி தார் நாரைத் திணித்து அடித்துக்கொண்டிருந்தான். பால்டிமோரில் அடிமையாக இருந்தபோது கற்ற வேலை. கங்காணி போதும் என்று சொல்லுமுன் அங்கே கையை நிறுத்தினால் முதுகு கிழியும். தப்பியோடி, அடிமைமுறை இல்லாத வடக்கே நியூ பெட்ஃபோர்டு வந்தவனுக்கு இந்தக் கப்பல் துறையில் இதுதான் முதல் நாள். போதும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

"டேய், காது அவிஞ்சு போச்சா?" என்றான் பக்கத்தில் நின்ற ஆசா. பத்து மணி நேரம்தான் உழைப்போம் என்று குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம் நடத்தியவன். அந்தப் பட்டினியில் மகளைப் பறிகொடுத்தவன். ஆறு மணிக்கே வேலை முடிய மணி அடிப்பது அப்படிக் கிடைத்தது.

"யாரும் நிறுத்தச் சொல்லலீங்களே, எசமான்."

"எசமானாம்! கேட்டுக்குங்கடா, எனக்கும் ஒரு அடிமை கெடைச்சிட்டான்."

சாரம் குலுங்கச் சிரித்தார்கள். மணி அடித்தால் நிறுத்தலாம் என்று லெவினுக்குப் புரிந்துவிட்டது. கையை இறக்கப் போனான். கீழேயிருந்து முதலாளி எல்னாத்தனின் குரல் வந்தது. அடிமைகள் விளைவித்தது என்று தேநீரில் சர்க்கரைகூடப் போடாத மனிதர். அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் லெவினைச் சட்டை கழற்றச் சொல்லி, அவன் முதுகை ஊருக்குக் காட்டியவர்.

"பாத்தீங்களாப்பா, சுதந்திரத்தோட அருமை தெரிஞ்சவன! இவனுக்கு மணியெல்லாம் எதுக்கு? அந்த வரிசைய முடிச்சிடு, லெவின்."

இந்த வேலையும் போனால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. ஆசாவின் முகத்தைப் பார்க்காமல் அடித்தான்.

முதலாளியின் வண்டி போகும்வரை ஆசா பொறுத்திருந்தான். பிறகு நான்கு பேர் லெவினின் வலக்கையைப் பலகைமீது விரித்துப் பிடித்தார்கள்.

"நிறுத்திட்டேங்க. இனிமே மணிக்கு முன்னாடியே நிறுத்திடறேங்க."

"நாங்க உன்ன மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான்டா எம்பொண்ணப் பொதைச்சேன்" என்றான் ஆசா. லெவினின் கொட்டாப்புளியையே எடுத்தான். ஒவ்வொரு விரலாக அடித்தான்.

மறுநாள் லெவின் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். எல்னாத்தன் கண் கலங்கினார். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கையோடு வரச் சொன்னார். கொட்டாப்புளி பிடிக்க முடியாதவனுக்குத் துறையில் வேலை இல்லை என்றும் சொன்னார். ஆசாவை நீக்கினார். இரண்டு இடத்துக்கும் வேறு ஆட்கள் வந்தார்கள். அன்று மணி ஏழுக்கு அடித்தது. அதுவரை எல்லாரும் வேலை செய்தார்கள்.