ஏழாவது டம்ளர்

காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. சமையலறை மேசையில் முதலில் கண்ணில் பட்டது, பாட்டிலில் மிச்சமிருந்த நாலு விரல் உயர விஸ்கி. எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் மேனேஜராக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது.

அயர்லாந்தில் நர்ஸாக இருந்த என் மைத்துனி, விடுமுறைக்கு வந்தபோது அந்த நாட்டு விஸ்கி ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை அப்படியே குடிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. எங்கள் தோட்டத்தில் விளைவதை வைத்து, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு காக்டெயில் செய்ய நினைத்தேன். பக்கத்து எஸ்டேட் மேனேஜர், இருமல் மருந்துதான் வரும் என்றார். விஸ்கி இருப்பதே தெரியாதபடி செய்கிறேன், சனிக்கிழமை அவர் வீட்டில் நடக்கும் விருந்தில் ஒருவர் கண்டுபிடித்தாலும் நான் தோற்றேன் என்று சவால் விட்டேன்.

இருந்தது ஒரே பாட்டில். மருந்து மூடியால் அளந்து, ஒவ்வொரு கலவையையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். முதலாவதில் ஆரஞ்சுச் சாறு பட்டுக் காபியில் இருந்த பால் திரிந்தது. அடுத்ததில் சாற்றை விட்டுத் தோலை மட்டும் சீவிப் போட்டேன், கசந்தது. பிறகு மிளகு, பிறகு மலைத்தேன். ஐந்தாவதை முகர்ந்து பார்த்த மனைவி, "இதைத் தேய்ச்சா மூட்டுவலி போயிருமுங்க" என்றாள். ஆறாவதும் தேறவில்லை. ஏழாவதுக்கு, முந்தின நாளே காபித் தூளைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்திருந்தேன். அதை வடிகட்டி, வெல்லப் பாகும் பாலாடையும் சேர்த்து, லேசாகச் சூடாக்கி, கடைசியில் விஸ்கியை ஊற்றினேன். குடித்துப் பார்த்தேன். காபிதான் தெரிந்தது. ஆனால் கலந்தவன் நாக்கை எப்படி நம்புவது?

ஏழு மணிக்கு எங்கள் சூப்பர்வைசர் காபிக் களத்துச் சாவி வாங்க வந்தார். என்னைவிட மூத்தவர். அதற்கு முன் காபிக் கொட்டை பதப்படுத்தும் ஆலை ஒன்றில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவர். தினமும் காலைக் காபி எங்கள் வீட்டில்தான். முதல் வாயைச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் புரட்டி, வேலியோரம் துப்பி, குறைநிறை சொன்ன பிறகுதான் மீதியைக் குடிப்பார். ஆலைப் பழக்கம். "எங்க காபியத் துப்பறதுக்குன்னே மெனக்கெட்டு வர்றாருங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

அவர் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னிடம் சொல்லியிருந்தார். தாய் வீட்டுக்குப் போய்விட்ட அவர் மனைவி, குடியை விட்ட பிறகுதான் இரண்டு பெண்களோடு திரும்பி வந்தாராம்.

இவ்வளவும் தெரிந்துதான் ஏழாவது டம்ளரை நீட்டினேன். சொல்லிக் கொடுத்தால் அது சோதனை ஆகாது என்பது என் நியாயம். எப்படியும் முதல் வாயைத் துப்பிவிடுவார் என்ற தைரியத்தில் கொடுத்தேனா என்றால், இல்லை. அது அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

உறிஞ்சினார். புரட்டினார். வேலியோரம் போய்த் துப்பினார். வழக்கமாக உடனே திரும்புவார், அன்று திரும்பவில்லை. டம்ளரைக் கல் மேல் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தார். ஒன்பது முறை.

"ஏனுங்க சார், தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

"கை தவறி வந்திருந்தா ஊட்டுல சொல்லிச் சிரிச்சிருப்பனுங்க."

மன்னிப்புக் கேட்டேன். துண்டால் வாயைத் துடைத்தபடி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க. அதான் பயமா இருக்குது."

சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். டம்ளரில் இருந்ததையும் பாட்டிலில் இருந்ததையும் நான் கொட்டினேன். மறுநாள் விருந்துக்கு வெறுங்கையோடு போய், தோற்றுவிட்டேன் என்றேன். யார் கண்டுபிடித்தது என்று பக்கத்து எஸ்டேட்காரர் துருவித் துருவிக் கேட்டார். சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு சூப்பர்வைசர் சாவி வாங்க வந்தார். மனைவி வழக்கம்போலக் காபியை நீட்டினாள். ஊட்டுலயே குடுத்துவிட்டாங்க என்று சொல்லி, தோளில் தொங்கிய சின்ன பிளாஸ்க்கைக் காட்டினார். பிறகு ஆறு வருஷம் அவர் எங்களோடு வேலை பார்த்தார். அந்த பிளாஸ்க்கும் தினமும் கூடவே வந்தது.