சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் புழுக்கை

மங்கலம் பேருந்து நிறுத்தத்தில் கம்பெனி வேனுக்காக நின்றிருந்த ஒரு காலையில்தான் அந்த யோசனை தோன்றியது. காங்கேயம் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று வேகத்தடையில் குதித்ததில், மேலே இருந்த மூட்டை வாய் பிளந்து, சாலை முழுக்க ஆட்டுப் புழுக்கை உருண்டோடியது. எங்கே போகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டேன். கேரளாவுக்கு, மிளகுத் தோட்டத்துக்கு என்றார்.

எங்கள் நிலம் அங்கிருந்து கூப்பிடு தூரம். நாங்கள் யூரியா வாங்கக் கடைவாசலில் நிற்கிறோம்; எங்கள் பக்கத்து எரு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது! வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த மூட்டையை விட்டு மனம் நகரவில்லை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எங்களுடைய ஒன்றரை ஏக்கரில் விசைத்தறி ஷெட் போடுவதென்று அப்பா முடிவுசெய்திருந்தார். மண் செத்துவிட்டது, இனி அதில் ஒன்றும் விளையாது என்பது அவர் கட்சி. தை பிறந்ததும் அஸ்திவாரம்.

"ஒரு போகம் மட்டும் குடுங்கப்பா. ஆட்டுப்பட்டி போட்டுப் பாக்கறேன்" என்றேன்.

"டிகிரி படிச்சு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போற புள்ளைக்கு ஆட்டுப்பட்டி கேக்குது பாரு" என்று சிரித்தார். பிறகு, "செரி கண்ணு. தை வரைக்கும் பாரு. சோளம் நின்னா சோளம். இல்லீன்னா தறிதான்" என்றார்.

ராத்திரியில் ஆடுகளை வயலிலேயே படல் கட்டி அடைத்துவைப்பதுதான் பட்டி போடுவது. புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கும். தினமும் படலை நகர்த்திக்கொண்டே போனால் நிலம் முழுக்க எரு.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பட்டி தேடினேன். மங்கலம் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுகூட இல்லை. பல்லடம் தாண்டினால் ஆடு உண்டு, மேய்த்துப் பட்டி போட ஆளில்லை; ஆட்கள் பனியன் கம்பெனிக்குப் போய்விட, எருவை மூட்டை கட்டி லாரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காங்கேயத்தை நெருங்க நெருங்கத்தான் வயலில் படல்கள் கண்ணில் பட்டன. ஆபீசில் வீணாய்ப்போன ஆர்டர் ஷீட்டின் முதுகில் இதையெல்லாம் வரைபடமாகக் குறித்துக்கொண்டேன்.

அங்கேதான் பட்டி போடும் அக்கா ஒருவரைப் பார்த்தேன். புருசன் திருப்பூரில் அயர்ன் மாஸ்டர். ஆடுகளை இவர் பார்த்துக்கொள்கிறார், இடுப்பில் செல்போனோடு.

"மங்கலத்துக்கா? ரெண்டு பக்கமும் தறி ஷெட்டு. ஆடு நடக்க எங்கீங் அம்மிணி எடம்? உங்களாட்ட வேன்ல வருமா?"

"டெம்போவுல வருமுங்க்கா" என்றேன்.

துணி ரோல் ஏற்றும் டெம்போவில், மூன்று நடையாக, ஆடுகள் எங்கள் ஊருக்கு வந்தன. ஊரே வேடிக்கை பார்த்தது.

கம்பெனியில் என் வேலை துணியின் ஜி.எஸ்.எம். பார்ப்பது. வட்டமாக ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்ல வேண்டும். வயலிலும் அதையே செய்தேன். காலையில் ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, உள்ளே கிடந்த புழுக்கையைக் கூட்டி நிறுத்தேன். கணக்கைப் பக்கத்துச் சீட்டிலிருந்த தோழியிடம் வேனில் காட்டினேன். திருநெல்வேலிக்காரி. "ஏட்டி, ஆட்டுப் புழுக்கைக்கும் பையர்ட்ட அப்ரூவல் வாங்கப் போறியா?" என்று வேனே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

ஒரே ராத்திரியில் விழுந்த எரு எனக்கு மெல்லிய துணியாகத் தெரிந்தது. கனம் கூடினால் தரம் கூடும் என்றே பழகிய புத்தி. கிழக்கு ஓரத்தில் மூன்று ராத்திரி படலை நகர்த்தவே வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"வேண்டாமுங் அம்மிணி. ஆடே மூஞ்சியச் சுளிக்குது பாருங்க."

"எம் பொறுப்புங்க்கா."

மற்ற நாட்களில் படல் வழக்கம்போல நகர்ந்தது. கிழக்குப் பாதி முடிந்ததுமே விதைப்புக் காலம் வந்துவிட, ஆடுகள் ஊர் திரும்பின. உழுது சோளம் விதைத்தோம். முளை கிளம்பிப் பத்து நாளில் எல்லா இடமும் பச்சை, என் மூன்று ராத்திரி இடம் மட்டும் மஞ்சள். பிறகு அதுவும் கருகியது. மூத்திரத்தின் உப்பு.

அப்பா வரப்பில் நின்று பார்த்தார். "இதுதானா சாமி உன்ற எரு?"

ஷெட்டின் சுவர் அந்த ஓரத்திலேயே எழும்புவதுபோல இருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஓரிடத்தில் அதிகமென்றால் வேறிடத்தில் குறைவு, அவ்வளவுதானே? பட்டியே போடாத மேற்குப் பாதியில் பயிர் சோனியாக நின்றது. கருகிய இடத்து மேல்மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ளி, அங்கே சாலுக்குச் சால் மெல்லிசாகத் தூவினேன். மூன்றாம் நாள் அப்பாவும் ஒரு கூடையோடு வந்தார். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

மார்கழியில் கதிர் சாய்ந்தது. மேற்கில் இடுப்பளவு, கிழக்கில் என் தலைக்கு மேல். கருகிய இடத்தில் மட்டும் ஒரு சொட்டை. அப்பா ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி, ஊதி, வாயில் போட்டு மென்றார்.

"ஷெட்டு ஓடியா போயிரப் போகுது? அந்தப் பட்டிக்காரப் புள்ளைக்குப் போனப் போடு. வர்ற வருசம் முழுசுக்கும் பட்டி போடச் சொல்லு."

போட்டேன். "டெம்போவுல ஏத்தி எறக்குனதுல ரெண்டு ஆடு நொண்டுச்சு அம்மிணி. இனி நடத்தித்தான் கொண்டாருவேன். தடம் இருந்தாச் சொல்லுங்க" என்றார் அக்கா.

தறி ஷெட்டுகளுக்குப் பின்னால் ஓடைக்கரை ஒன்று போகிறது. அதையொட்டிச் சில புன்செய்க் காடுகள் இன்னும் உழவில் இருக்கின்றன. ஒவ்வொருவர் நிலத்திலும் சில ராத்திரி பட்டி போட்டுக்கொண்டே வந்தால், ஆடுகள் நடந்தே எங்கள் வயலை எட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையை முதலில் நானே நடந்து பார்க்கப் போகிறேன். அப்பாவும் வருகிறாராம், முள் வெட்ட அரிவாளோடு.